ஹாக்கி ஜோசியமும் தேசப் பெயர்ச் சண்டையும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நம் சென்னையிலும் மதுரையிலும் இளைஞர்களுக்கான உலகக் கோப்பை ஹாக்கிப் பந்தயம் நடந்தது. 24 தேசங்களின் பிள்ளைகள் வந்து ஆடினார்கள். ஜெர்மனி கோப்பையை எடுத்துக்கொண்டு போயிற்று. இந்தியாவுக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. பந்தயம் முடிந்துவிட்டது, ஆனால் அதையொட்டிக் கிளம்பின இரண்டு சண்டைகள் இந்த வாசகசாலைத் திண்ணையில் இன்னும் முடியவில்லை என்று கேள்விப்படுகிறேன். ஒன்று, அடுத்த பெரிய பந்தயத்தில் எந்தத் தேசம் ஜெயிக்கும் என்பது. மற்றொன்று, நம் ஆட்டக்காரர்களின் சட்டையில் “இந்தியா” என்று இருக்க வேண்டுமா, “பாரத்” என்று இருக்க வேண்டுமா என்பது. இவ்விரண்டைப் பற்றியும் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனுமல்ல. ஹாக்கி மட்டை பிடித்து ஆடினவனுமல்ல. ஆனால், யார் எதைச் சொன்னாலும் “அது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்க ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. அந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன். நான் சொல்லுவதையும் நீங்கள் அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்தியில் போட்டுப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜோசியத்தைப் பார்ப்போம்.

ஒரு பந்தயத்துக்கு 16 தேசங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோசியன் 16 ஊர்களுக்குப் போகிறான். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு தேசத்தின் பெயரைச் சீட்டில் எழுதி, அரக்கு வைத்து மூடி, ஊர்ப் பெரியவரிடம் கொடுத்து, “பந்தயம் முடிந்த பிறகு பிரித்துப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு வருகிறான். பந்தயம் முடிகிறது. 15 ஊர்களில் அவனைத் திட்டிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுகிறார்கள். பதினாறாவது ஊரில் அவனுக்குப் பூமாலை, பொன்னாடை, வெள்ளித் தட்டு! இந்த ஊர்க்காரருக்கு அந்த 15 ஊர்ச் சங்கதி தெரியாது. அவன் சாப்பாட்டுக்கு அந்த ஓர் ஊரே போதும். இதற்கு அவன் கிரகத்தையும் பார்க்கவில்லை, ஹாக்கியையும் பார்க்கவில்லை. 16 சீட்டும் கொஞ்சம் அரக்கும்தான் அவன் மூலதனம்.

“அப்படியில்லை, ஒருவரே எட்டு ஆட்டத்துக்குத் தொடர்ந்து சரியாகச் சொன்னதுண்டே” என்று கேட்பீர்கள். உண்டு. 2010-ல் கால்பந்து உலகக் கோப்பையின்போது ஜெர்மனியில் ஒரு தொட்டியில் கிடந்த ஆக்டோபஸ் என்னும் கடல் பிராணி 8 ஆட்டத்துக்கு 8-ம் சரியாகக் காட்டிற்று. ஒரு கணக்கை மாத்திரம் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் இவனா அவனா என்று இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டை எட்டுத் தடவை பெருக்கினால் 256. அதாவது 256 பேர் கண்ணை மூடிக்கொண்டு வெவ்வேறு விதமாகச் சொன்னால் அதில் ஒருவர் எட்டையும் சரியாகச் சொல்லியே தீருவார். அவரைத் தடுக்க யாராலும் முடியாது! உலகமெங்கும் கிளியும் பூனையும் யானையும் ஜோசியம் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. தவறிப் போன பிராணிகளின் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. ஜெயித்த பிராணிக்கு மாத்திரம் பத்திரிகையில் படம். இதுதான் ஜோசியத்தின் பிழைப்பு. பலித்ததை மேளம் கொட்டிச் சொல்வது, பலிக்காததைக் குழியில் போட்டு மூடுவது.

இனி ஹாக்கியில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஒடிசாவில் உலகக் கோப்பை நடந்தது. காலிறுதியில் இங்கிலாந்து 2 கோல் முன்னால் நின்றது. கடைசிச் சில நிமிடங்களில் ஜெர்மனி 2 கோல் போட்டுச் சமன் செய்து, ஷூட் அவுட்டில் ஜெயித்தது. அரையிறுதியில் ஆஸ்திரேலியா 2 கோல் முன்னால். ஜெர்மனி 4-3 என்று ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் பெல்ஜியம் 2 கோல் முன்னால். அதையும் 3-3 என்று சமன் செய்து, ஷூட் அவுட்டில் ஜெர்மனி கோப்பையை வாங்கிற்று. மூன்று ஆட்டத்திலும் தோற்கும் வாசலில் நின்று திரும்பி வந்த கதை இது. சனி முதல் பாதியில் ஜெர்மனியைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் எதிர்க்கட்சியைப் போய்ப் பிடித்துக்கொள்கிறான் என்பதா? ஒரே மைதானத்தில், ஒரே நேரத்தில், இருதரப்பு ஆட்டக்காரர் தலைக்கு மேலும் ஒரே வானமும் ஒரே கிரகமும்தானே இருக்கின்றன! ஒருவனுக்கு மாத்திரம் அது குருபலன், மற்றவனுக்கு அஷ்டமச் சனி என்றால், எந்தக் கோட்டில் அது பிரிகிறது? மைதானத்தின் நடுக்கோட்டிலா?

2018-ல் லண்டனில் நடந்த பெண்கள் உலகக் கோப்பைக்கு அயர்லாந்து போனபோது உலக வரிசையில் அதற்கு 16-வது இடம். அந்த அணி இறுதி ஆட்டம் வரையில் போய் இரண்டாம் இடம் பெற்றது. எந்தப் பஞ்சாங்கத்தில் அது இருந்தது? எந்தச் சுவடியில் இருந்தது?

கால்பந்தில் நடந்த ஒரு சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் இந்தியக் கால்பந்து அணிக்கு ஊக்கம் கொடுப்பதற்கென்று ஒரு ஜோசிய நிறுவனத்துக்கு 16 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. “பார்த்தாயா!” என்று சொல்லியிருப்பார்கள். பிறகு 2024 ஜனவரியில் கத்தார் தேசத்தில் அந்தக் கோப்பைக்கான ஆட்டங்கள் நடந்தன. இந்தியா ஆடின மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஒரு கோல்கூடப் போடவில்லை. 16 லட்சம் ரூபாய்க்கு எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குக் காலணியும் பந்தும் பாலும் வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். மூட நம்பிக்கை என்பது புத்தியை மாத்திரம் தின்பதில்லை. பிள்ளைகளின் வயிற்றையும் சேர்த்துத்தான் தின்கிறது.

“அப்படியானால் யார் ஜெயிப்பார் என்று சொல்லவே கூடாதா?” என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் காரணம் காட்டிச் சொல்ல வேண்டும். 1996 முதல் 2024 முடிய ஆண்களுக்கான ஒலிம்பிக் ஹாக்கி 8 முறையும், உலகக் கோப்பை 7 முறையும் நடந்தன. ஆக 15 பந்தயங்கள். இவற்றில் 14-ஐ நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் ஆகிய நான்கு தேசங்களே வென்றன. 2016 ஒலிம்பிக்கில் மாத்திரம் அர்ஜென்டினா குறுக்கே வந்து தங்கத்தைக் கொண்டுபோயிற்று. ஆகவே, “அடுத்தது யார்?” என்று என்னைக் கேட்டால், இந்த நான்கில் ஒன்று என்பேன். அதற்கு ஆதாரம் 15-க்கு 14. தவறக்கூடும் என்பதற்கும் ஆதாரம் அதிலேயே இருக்கிறது, 15-க்கு 1. அறிவுள்ளவன் சொல்லுவதற்கும் ஜோசியன் சொல்லுவதற்கும் வித்தியாசம் இதுதான். அறிவுள்ளவன் எதனால் சொல்லுகிறேன் என்பதையும், எவ்வளவுக்கு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுவான். தவறினால் கணக்கைத் திருத்திக்கொள்வான். ஜோசியன் தவறினால் பரிகாரத்துக்குப் பணம் கேட்பான்.

இனிப் பெயர்ச் சண்டைக்கு வருவோம்.

இந்தச் சண்டையில் இரண்டு தினுசான பேர்வழிகள் இருக்கிறார்கள். முதல் தினுசுக்காரர், பெயருக்கு ஒரு சக்தி இருக்கிறது, பெயரை மாற்றினால் பலன் மாறும் என்கிறவர். இவர் எண் ஜோசியக்காரருக்குச் சொந்தக்காரர். இவருக்கு ஹாக்கியிலிருந்தே பதில் சொல்லலாம்.

2023 ஜனவரி உலகக் கோப்பையில் “இங்கிலாந்து” என்ற பெயரில் ஓர் அணி ரூர்கேலாவில் இந்தியாவோடு ஆடிற்று. 0-0 என்று முடிந்தது. அதே பந்தயத்தில் வேல்ஸ் தனி அணியாக வந்தது. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இங்கிலாந்தும் இல்லை, வேல்ஸும் இல்லை. “கிரேட் பிரிட்டன்” என்ற ஒரே பெயரில் ஓர் அணி வந்தது. காலிறுதியில் இந்தியாவோடு மோதினார்கள். இந்திய ஆட்டக்காரர் ஒருவர் 17-வது நிமிடத்தில் வெளியேற்றப்பட்டு, மீதி நேரமெல்லாம் 10 பேரோடு இந்தியா ஆடிற்று. ஆட்டம் 1-1 என்று நின்று, ஷூட் அவுட்டில் இந்தியா ஜெயித்தது. பெயர் மாறியும் 60 நிமிடத்தில் இரு தடவையும் வெற்றி தோல்வி தீர்ந்தபாடில்லை. கோலைத் தடுத்தது கோல் காப்பவரின் காலும் கையுமே தவிர, சட்டையில் எழுதியிருந்த எழுத்தல்ல.

நெதர்லாந்தைப் பாருங்கள். வெகு காலம் உலகம் அதை “ஹாலந்து” என்றே அழைத்தது. ஹாலந்து என்பது உண்மையில் அந்தத் தேசத்தின் 12 மாகாணங்களில் இரண்டுக்கு மாத்திரம் உரிய பெயர். 2020 முதல் அந்த அரசாங்கத்தார் விளம்பரங்களில் ஹாலந்து என்பதை விட்டுவிட்டு நெதர்லாந்து என்றே போடத் தொடங்கினார்கள். 2024 ஒலிம்பிக்கில் ஆண், பெண் இரு அணிகளும் தங்கம் வாங்கின. உடனே பெயர் ராசிக்காரர், “பெயர் மாற்றத்தின் மகிமை” என்பார். அப்படியானால் ஹாலந்து என்று ஊரெல்லாம் அழைத்த 1996-லும் 2000-லும் அவர்களுடைய ஆண்கள் அணி தங்கம் வாங்கிற்றே, அது எந்த மகிமை?

நம் கதையும் அதுதான். “இந்தியா” என்ற ஒரே பெயரில் 8 ஒலிம்பிக் தங்கம் வாங்கினோம். அதே பெயரில் 2008 ஒலிம்பிக்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. 2023 ஜனவரி உலகக் கோப்பையில் 9-வது இடம். அதே வருஷம் அக்டோபரில் ஆசிய விளையாட்டில் ஜப்பானை 5-1 என்று தோற்கடித்துத் தங்கம். ஒரே வருஷத்தில் ஒரே பெயருக்கு ராசி இப்படிப் புரளுமா? பாகிஸ்தானும் ஒரே பெயரில்தான் நான்கு உலகக் கோப்பை வாங்கிற்று. அதே பெயரில்தான் 2016, 2020, 2024 ஆகிய மூன்று ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறாமல் போயிற்று.

அலி இக்திதார் ஷா தாரா என்று ஓர் ஆட்டக்காரர். 1936-ல் பெர்லினில் இந்தியா பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றுவிட்டது. உடனே கலங்கி, தாயகத்திலிருந்து தாராவை வரவழைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தார்கள். அதே தாரா 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைவராக நின்றார். ஒரே மனிதர், ஒரே ஆட்டம். தேசத்தின் பெயர் மாத்திரம் இரண்டு.

இதைவிட வேடிக்கை 1980-ல் மாஸ்கோவில் நடந்தது. பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் அப்போதுதான் சேர்க்கப்பட்டது. பல தேசங்கள் அந்த ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்ததனால், கடைசி நேரத்தில் ஜிம்பாப்வேக்கு அழைப்புப் போயிற்று. ரொடீஷியா என்று இருந்த தேசம் சுதந்திரம் பெற்று அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது 1980 ஏப்ரல் 18-ல். பெயர் வைத்துச் சுமார் மூன்று மாதத்தில் போட்டிக்குப் போய், ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தங்கம் வாங்கிற்று! ஆனால் அந்த அணியில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளைக்காரப் பெண்கள். தேசத்துக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது; அந்த மண்ணின் கறுப்புப் பெண்ணின் கைக்கு மட்டை இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாம் பரிசு வாங்கியது செக்கோஸ்லோவாகியா. மூன்றாம் பரிசு சோவியத் யூனியன். இந்த இரண்டு பெயரும் இன்று பூகோளப் படத்தில் இல்லை. மேடையில் நின்ற மூன்று பெயரில் ஒன்று நேற்றுப் பிறந்தது, இரண்டு பிற்பாடு மறைந்தது. தேசத்தின் பெயர் ஆதியந்தமில்லாதது, தெய்வீகமானது என்று பேசுகிறவர்கள் இந்த மேடையை நினைத்துப் பார்க்க வேண்டும். பெயர் மனிதன் வைப்பது, மனிதன் மாற்றுவது.

இரண்டாவது தினுசுக்காரர், “பெயரில் என்ன இருக்கிறது? அதைப் பற்றிப் பேசுவதே வீண்” என்கிறவர். இவர் சொல்லுவதும் சரியல்ல. பெயருக்கு மந்திர சக்தி இல்லையே ஒழிய, மான சம்பந்தம் உண்டு. ஒருவனை எப்படி அழைப்பது என்பதை அவனைக் கேட்காமல் மற்றவன் தீர்மானிப்பது என்றால், அதில் ஆண்டான் அடிமைத் தன்மை இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கும் ஹாக்கியிலேயே ஒரு பெரியவர் இருக்கிறார். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் தங்கம் வாங்கினபோது அணித் தலைவராக நியமிக்கப்பட்டிருந்தவர் ஜெய்பால் சிங் முண்டா. பழங்குடி வகுப்பில் பிறந்தவர். பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினராக இருந்தார். அங்கே அவர் தம் மக்களைக் காட்டில் இருக்கும் ஜாதியார் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுவதை ஆட்சேபித்து, “ஆதிவாசி” என்றே சொல்ல வேண்டும் என்று வாதாடினார். அது வெறும் வார்த்தைச் சண்டையா? ஒரு சொல் இவர்களைக் காட்டைச் சேர்ந்தவர்கள் என்கிறது. மற்றொரு சொல் இந்த மண்ணில் முதலில் குடியிருந்தவர்கள் என்கிறது. அவர் தம் மக்களுக்கென்று கேட்ட ஜார்க்கண்டு மாகாணம், அவர் 1970-ல் காலமாகி, 30 வருஷம் கழித்து, 2000 நவம்பர் 15-ல்தான் வந்தது.

நமக்கு மாத்திரம் இது தெரியாததா? நம் நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டுமென்று 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து உயிரை விட்டார். 1967 ஜூலை 18-ல் சட்டசபையில் தீர்மானம் ஆயிற்று. 1969 ஜனவரி 14-ல் பெயர் அமலுக்கு வந்தது. குடியிருக்கும் மக்கள் கேட்டார்கள், அவர்களுடைய பிரதிநிதிகள் தீர்மானித்தார்கள். அதுதான் யோக்கியமான வழி.

இந்தியாவா, பாரதமா என்பதும் 1949 செப்டம்பர் 18-ல் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டது. பாரதம் என்பதை முன்னால் வைக்க வேண்டுமென்று காமத் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவு 38, எதிர்ப்பு 51. முடிவில் அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்தில் இரண்டு பெயரும் இடம் பெற்றன. 2023 செப்டம்பரில் ஜனாதிபதியின் பெயரால் அனுப்பிய ஆங்கில விருந்து அழைப்பில் “பாரத்” என்று அச்சிட்டதைத் தொட்டு மறுபடியும் கூச்சல் கிளம்பிற்று. என் அபிப்பிராயம் என்னவென்றால், மாற்ற வேண்டுமென்று சொல்லுகிறவர்கள் காரணத்தைச் சொல்லி, எல்லா மாகாணத்து மக்களையும் கேட்டு, சட்டப்படி செய்யட்டும். ரகசியமாக அழைப்பிதழிலும் சட்டையிலும் நுழைப்பது நாணயமல்ல. அதே சமயம், எந்தப் பெயரை எழுதினாலும் பந்து தானாகக் கோலுக்குள் போய் விழாது என்பதையும் இரு கட்சியாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், நம்மைத் தோற்கடித்தது பெயரல்ல, தரை. 1928 முதல் 1972 வரையில் ஓர் ஒலிம்பிக்கிலும் பதக்கமில்லாமல் திரும்பாத இந்தியா, 1976-ல் மாண்ட்ரியாலில் 7-வது இடத்துக்குப் போயிற்று. அங்கேதான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. 1980-ல் நம் தமிழ்நாட்டுக்காரர் பாஸ்கரன் தலைமையில் ஒரு தங்கம் வந்தது. அதற்குப் பிறகு அடுத்த பதக்கம் 2021-ல். இடையில் 41 வருஷம்! பணக்காரத் தேசத்துப் பிள்ளைகள் செயற்கைத் தரையில் பழகிக்கொண்டிருக்க, நம் பிள்ளைகள் புழுதியிலும் கல்லிலும் பழகிவிட்டு, போட்டி நாளில் போய் அந்தத் தரையில் கால் வைத்தார்கள். இதற்கு யாகம் செய்தால் தீருமா? தேசத்தின் பெயரை மாற்றினால் தீருமா? 2018 முதல் ஒடிசா அரசாங்கம் இந்திய அணிகளுக்குப் பணம் கொடுத்தது, மைதானம் கட்டிற்று. 2021-லும் 2024-லும் வெண்கலம் வந்தது. காரணத்தைக் கவனித்தால் காரியம் நடக்கும்.

ஆகவே தோழர்களே! யார் ஜெயிப்பார் என்று பேசுங்கள்; ஆதாரத்தோடு பேசுங்கள்; காசு வைத்துப் பந்தயம் கட்டாமல் பேசுங்கள். தேசத்தின் பெயரைப் பற்றியும் பேசுங்கள். அந்தப் பெயரால் அழைக்கப்படப் போகிறவனைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஆனால் இந்த இரண்டு பேச்சும் முடிந்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வியை உங்கள் ஊர் நிர்வாகத்தாரையும் சட்டசபைப் பிரதிநிதியையும் கேளுங்கள்: “எங்கள் பெண் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் மட்டை பிடித்து ஓடுவதற்கு ஒரு மைதானம் எங்கே? எப்போது தருவீர்கள்?” என்று. தேதி வாங்காமல் திரும்பாதீர்கள். அந்தத் தேதி ஒன்றைத்தான் நான் நம்பத் தயார்.